எந்தப் பெட்டியில் போடுவது? – நமது பழைய கடதாசிகளும் அவற்றின் வகைகளும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடித்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

நமது பகுதியின் பழைய ஆவணங்களைச் சேர்ப்பதற்கு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சிறிய இணையத்தளம் நடத்துகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சென்ற தவணை விடுமுறையில் தோட்டத்துப் பழைய மாணவர் ஒருவர் தன் அப்பாயியின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மடித்து மடித்துக் கிழிந்துபோன பிறப்புப் பத்திரம், பெருவிரல் அடையாளம் வைத்த ஒரு விண்ணப்பத்தின் பிரதி, காமன் கூத்துப் பாட்டுக்கள் எழுதிய கொப்பி, கொழுந்துக் கூடையோடு ஒரு படம் எல்லாம் இருந்தன. அடியில் ஒரு கடைக் கணக்குக் கொப்பியும் கிடந்தது. டவுனில் முன்பு இருந்த ஒரு முஸ்லிம் கடையினுடையது. அது எப்படி அந்தப் பெட்டிக்குள் போனது என்று அவருக்கும் தெரியாது.

கணினியைத் திறந்து "புதிது சேர்" என்பதை அழுத்தினேன். இரண்டே வழிதான் வந்தது: "செய்தி", "பக்கம்". பக்கத்தில் நின்ற மாணவி கேட்டாள்: "சேர், கூத்துக் கொப்பி செய்தியா, பக்கமா?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கணினிப் பாடம் மாதிரித் தொடங்கும். ஆனால் முடிவது நமது கதையில்.

*

இணையத்தளங்களை நிரல் எழுதத் தெரியாதவர்களும் நடத்துவதற்கு உதவும் மென்பொருளை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்று நமது பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 2001இல் பெல்ஜியத்தின் ட்றீஸ் பொய்டார்ட் என்ற மாணவர் வெளியிட்ட துருப்பல், 2002இல் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி, 2003இல் வந்த வேர்ட்பிரஸ் ஆகியவை இதில் பெயர்பெற்றவை.

இவை ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் பிறந்தவை. வேர்ட்பிரஸ் நாட்குறிப்பு எழுதுபவர்களுக்காக வந்தது. ஆகவே அதற்கு முதலில் தெரிந்தது "பதிவு" ஒன்றுதான். தேதியோடு எழுதுவது, புதியது மேலே வருவது. 2005இல்தான் தேதி சாராத "பக்கம்" என்ற இரண்டாவது வகை சேர்ந்தது. தளம் நடத்துபவர் தனக்கு வேண்டிய வகையைத் தானே சுலபமாக உருவாக்கும் வசதி 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்போடு பரவலானது. துருப்பலிலும் அப்படித்தான். வகைக்கு வகை வெவ்வேறு புலங்களைச் சேர்க்கும் வசதி முதலில் தனி இணைப்பாக இருந்து, 2011இல் ஏழாம் பதிப்பில் முறைமையின் உள்ளேயே சேர்ந்தது.

"வகை" என்றால் என்ன, "புலம்" என்றால் என்ன? பாடசாலை உதாரணம் சொல்கிறேன். மாணவர் அனுமதிப் பதிவேடு ஒரு வகை. அதில் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், முன்பு படித்த பாடசாலை என்று நிரல்கள் இருக்கும். அந்த நிரல்கள்தான் புலங்கள். வரவுப் பதிவேடு வேறொரு வகை, அதன் நிரல்கள் வேறு. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதினால் எழுதலாம். ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளையைத் தேடினால் கிடைக்காது.

ஒவ்வொரு வகைக்கும் பக்கத்தில் ஒரு சிறிய சின்னம் இருக்கும். படவுரு என்கிறோம். எழுத்தை வாசிக்கும் முன்பே கண் அதைத்தான் பிடிக்கிறது. 1981இல் செரொக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியின் திரையில் கடதாசியையும் பைலையும் படமாக வைத்து விற்பனைக்கு விட்டது. அமெரிக்கக் காரியாலய மேசையில் இருந்தவை திரைக்கு வந்தன. இன்றுவரை நாம் பாவிப்பது அந்த மேசையைத்தான். வேர்ட்பிரஸில் நீங்கள் புதிய வகை ஒன்றை உருவாக்கிச் சின்னம் எதையும் குறிப்பிடாவிட்டால், பதிவுக்குரிய குண்டூசியே அதற்கும் வந்து நிற்கும். ஜனாஸா அறிவித்தலுக்கும் குண்டூசி, கூத்துக் கொப்பிக்கும் குண்டூசி.

*

வகை பிரிப்பதும் அடையாளம் குத்துவதும் கணினியோடு வந்தவை இல்லை. நமது மலைகளில் அது நூறு வருடத்துக்கும் மேல் பழையது.

ஊவா 1886இல் தனி மாகாணமானது. 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்த பிறகு, தேயிலை இந்த மலைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்ப "தகர டிக்கட்" முறை வந்தது. ஒரு தகரத் துண்டில் மாவட்டம், தோட்டம், ஆள் என்பவற்றைக் குறிக்கும் எழுத்தும் இலக்கங்களும் இருக்கும். வழியில் யாரும் பெயர் கேட்கத் தேவையில்லை. தகரத்தைப் பார்த்து இந்த ஆள் இந்தத் தோட்டத்துக்கு என்று அனுப்பிவிடலாம்.

தோட்டம் மாறிப் போக வேண்டுமென்றால் இன்னொரு "துண்டு" வேண்டும். அது கடதாசி. இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவர் ஆளைக் கொண்டுபோகலாம் என்பதே அதன் பொருள். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஒரு மனிதரைப் பற்றிய ஆவணத்தில் முக்கியமான புலம் கடன் தொகை என்றால், அந்த ஆவணத்தை வடிவமைத்தவருக்கு அந்த மனிதர் யாராகத் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அதே தோட்டத்தின் தேயிலைப் பெட்டியைப் பாருங்கள். பலகையில் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், அனுப்பல் இலக்கம், நிறை எல்லாம் மையால் குத்தியிருக்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பின் அந்தப் பெட்டிகள் அதில் ஏறிக் கொழும்புக்குப் போயின. லண்டனில் பெட்டியைத் திறப்பவர் எந்தத் தோட்டம், எந்தத் தரம் என்று அறிந்துகொள்வார். அந்தக் கொழுந்தைப் பறித்தவளோ செக்ரோலில் ஒரு "பேர்". அரை நாள் என்றால் "அரைப் பேர்". நாங்கள் இன்றும் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. ஒரு நாள் கூலிக்குப் பேர் என்றே பேர் வைத்திருக்கிறோம்.

பிறகு குடிசன மதிப்பீடு. 1911இல்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். நம்மில் பலர் மறந்துபோனது, அதே மதிப்பீடு சோனகரையும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்தது. லயத்தில் இருந்தவருக்கும் தோட்டத்தை அண்டிய டவுனில் கடை போட்டிருந்த காக்காவுக்கும் ஒரே பேனாதான் கோடு கிழித்தது.

அந்தக் கோடு காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். இந்திய வம்சாவளி முஸ்லிம் வியாபாரிகளும் அதன் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. திருமணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டுகள், மணமாகாதவர் என்றால் 10 ஆண்டுகள் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? காலம் முழுவதும் மலையில் வேலை செய்த மனுஷியின் வாழ்க்கைக்கு ஆதாரம் தோட்டக் காரியாலயத்தின் செக்ரோலில் இருந்தது. அவளுடைய கையில் இல்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று எழுதினார்கள். அவர்களை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1988, 2003 சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற வகையே முடிவுக்கு வந்தது. ஒரு வகையை உருவாக்க ஒரு நாள் போதும். அதைக் கலைக்க 55 வருடம் சென்றது.

2014 ஒக்டோபர் 29 காலையை நாம் யாரும் மறக்கவில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, எத்தனை பேர் உள்ளே என்ற தொகை செய்திக்குச் செய்தி மாறியது. 100 என்றார்கள், 300 என்றார்கள். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் கல்விச் சான்றிதழும் ஆட்களோடு சேர்ந்து மண்ணுக்குள் போயின. பிரதி வேறெங்கும் இல்லாத கடதாசி எவ்வளவு கனமானது என்று அன்று விளங்கியது.

*

சரி, வேறு யாராவது இந்த வேலையைத் தமிழில் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை மறக்காத சில இளைஞர்கள் 2005இல் "நூலகம்" என்ற இணைய நூலகத்தைத் தன்னார்வமாகத் தொடங்கினார்கள். பின்னர் அது நூலக நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கிதான். கலைக்களஞ்சியக் கட்டுரைக்காகச் செய்த மென்பொருளை, ஈழத்து ஆவணங்களுக்கு ஏற்றபடி வளைத்தெடுத்தார்கள்.

அந்தத் தளத்துக்குப் போய் ஒரு நூலின் பக்கத்தைப் பாருங்கள். நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று புலங்கள் இருக்கும். ஓர் இதழின் பக்கத்தைப் பாருங்கள். அங்கே "சுழற்சி" என்று ஒரு புலம் இருக்கும்: மாத இதழா, காலாண்டிதழா என்பதற்கு. நூலுக்குச் சுழற்சி கிடையாது, இதழுக்கு அது இல்லாமல் முடியாது. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்து வடிவமைப்பதுதான் ஆவணக்காரரின் அறிவு. பத்திரிகை, பிரசுரம், சிறப்பு மலர், நினைவு மலர், ஆளுமை, நிறுவனம் என்று அவர்களுடைய வகைகள் நீள்கின்றன. முஸ்லிம் ஆவணகம், மலையக ஆவணகம், பெண்கள் ஆவணகம் என்ற சிறப்புச் சேகரங்களும் உண்டு. நமக்கு வேண்டிய பல பழைய நூல்களை நான் அங்கேதான் வாசித்தேன். அல்லாஹ் அவர்களுடைய உழைப்புக்கு நற்கூலி வழங்கட்டும்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று மனதில் பட்டது. நினைவு மலர் என்ற வகை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. குடும்ப வரலாறு, ஊர், உறவு எல்லாம் அதில் வரும். வரலாற்றுக்கு அது பெரிய சொத்து. ஆனால் நமது தோட்டத்தில் ஒருவர் மௌத்தானால், இறந்தால், எதை அச்சிடுகிறோம்? தோட்டத்தில் தப்பு ஒலிக்கும். டவுனில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போகும். இரண்டும் சத்தம். மாலைக்குள் காற்றோடு போய்விடும். அந்த வகையை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தால், நமது பெட்டி வெறுமையாகவே இருக்கும். பிற்காலத்தில் பார்ப்பவர் இங்கே நினைவுகூரத்தக்க மனிதர் யாரும் வாழவில்லை என்று எண்ணுவார். எனவே மற்றவருடைய வகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று முடிவு செய்தோம்.

*

மாணவர்களை உட்காரவைத்துப் பேசினோம். அவர்கள் முதலில் சொன்னது இலேசான வழி: "சேர், ரெண்டு வகை போதும். மலையகம், முஸ்லிம். ஒன்றுக்குக் கொழுந்துச் சின்னம், மற்றதுக்குப் பிறை."

நான் அந்தக் கடைக் கணக்குக் கொப்பியை மேசையில் வைத்தேன். "இது எந்தப் பெட்டி மகன்?"

கடை முஸ்லிமுடையது. மேலே பிஸ்மில்லாஹ். உள்ளே பக்கம் பக்கமாக மேற்கணக்கு, கீழ்க்கணக்கு லயத்து ஆட்களின் பெயர்கள். அரிசி, கருவாடு, தீபாவளிச் சேலை, சம்பளத்தன்று கட்டிய காசு. சில குறிப்புக்கள் அரபுத்தமிழில். பிறை போட்டால் அத்தனை லயத்து ஆட்களும் மறைந்துபோகிறார்கள். கொழுந்து போட்டால் கடைக்கார நானா மறைந்துபோகிறார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீடியாவிக்கியின் வடிவமைப்பில் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்துக்குப் பெயர்வெளி ஒன்றுதான். பகுப்போ எத்தனை வேண்டுமானாலும் போடலாம். அதாவது, ஒரு பொருள் என்ன என்பதற்கு ஒரு பதில். அது யாரைப் பற்றியது என்பதற்குப் பல பதில்கள். நாங்களும் அதைப் பின்பற்றினோம். பதிவேடு, கடிதம், கைக்கொப்பி, படம், ஒலி, பத்திரம் என்பவை வகைகள். சமூகம், தோட்டம், ஊர், மொழி என்பவை குறிச்சொற்கள். ஒரே கொப்பிக்கு மலையகம், முஸ்லிம் இரண்டையும் போடலாம். 1911இல் எண்ணியவர்கள் செய்யாததை நாங்கள் ஒரு சிறு தளத்திலாவது செய்யலாம்.

மொழிப் புலத்திலும் சிக்கல் வந்தது. அரபுத்தமிழ்க் குறிப்புக்கு "மொழி: அரபு" என்று ஒரு பிள்ளை போட்டிருந்தான். எழுத்து அரபு, மொழி தமிழ். பேருவளை ஷெய்கு முஸ்தபா வலியுல்லாஹ் அவர்கள் குர்ஆனுக்கு விரிவுரை எழுதியதும் இதே அரபுத்தமிழில்தான். "மொழி" என்ற ஒரே புலம் இருந்தால் அப்படிப்பட்ட நூல் தமிழ் நூல் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஆகவே "மொழி", "எழுத்து" என்று இரண்டாகப் பிரித்தோம். தோட்டத்துக்கும் இரண்டு புலங்கள்: காரியாலயப் பெயர், தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர். ஆங்கிலப் பெயர் தெரியாத ஆச்சி தன் பெயரால் தேடினாலும் கிடைக்க வேண்டும்.

பிறகு சின்னங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுதிகளில் தேடினோம். கோப்பிக் கோப்பை இருந்தது. கொழுந்துக் கூடையை நான் காணவில்லை. இலைநோய் வந்து 150 வருடத்துக்கு மேலாகியும் கோப்பிக்குத்தான் இடம் என்று சொல்லிச் சிரித்தோம். பிள்ளைகளே வரைந்தார்கள். 20 புள்ளி அகலத்தில் தலையில் கூடையோடு பெண் என்பது வெறும் கறையாகத் தெரிந்தது. கூடையை மட்டும் வரைந்தபோது தெளிவாக வந்தது. ஒலிப்பதிவுக்கு மைக்குக்குப் பதிலாகத் தப்பு.

பிரஜாவுரிமைப் பத்திரங்களுக்குப் பெருவிரல் அடையாளத்தைச் சின்னமாக வைக்கலாம் என்று ஒருவன் வரைந்து காட்டினான். அழகாகவே இருந்தது. எனக்கும் பிடித்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "வேணாம் சேர். எங்க அப்பாயி கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு சொல்ல இன்னும் வெட்கப்படுவாங்க." அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். சாதாரணக் கடதாசியும் ஒரு முத்திரையும் போதும் என்று முடிவானது. இருபத்தைந்து வருடம் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கடைசியாக ஒரு புலம் சேர்த்தோம்: "யார் பார்க்கலாம்?" பொது, குடும்பம் மட்டும், பூட்டியது என்று மூன்று தெரிவுகள். கடைக் கொப்பியில் இருப்பது கடன். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பது நமக்குத் தெரியும். எழுதச் சொன்ன மார்க்கம், மற்றவருடைய குறையை மறைக்கவும் சொல்கிறது. அந்தக் கொப்பியில் பெயருள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். ஆகவே அது இப்போதைக்குப் பூட்டில் இருக்கிறது. அட்டையும் விபரமும் மட்டும் தெரியும். அடையாள அட்டை இலக்கம் உள்ள எதுவும் பொதுவில் வராது.

*

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. கூத்துக் கொப்பி செய்தியும் இல்லை, பக்கமும் இல்லை. அது "கைக்கொப்பி". எழுதியவர், தோட்டம், பாடியவர்கள், எந்த வருடக் கூத்து என்று நான்கு புலங்கள் அதற்கு உண்டு. அவளே முதலாவது பதிவைப் போட்டாள். பாடியவர்கள் என்ற இடத்தில் ஏழு பேருடைய முழுப் பெயரையும், அப்பாயியிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தாள். செக்ரோலில் அவர்கள் ஒருநாள் ஏழு பேராக இருந்திருப்பார்கள். இங்கே ஏழு மனிதர்களாக இருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தகரப் பெட்டி, சூட்கேஸ், அலுமாரியின் மேல்தட்டு எங்கேயாவது பழைய கடதாசி கிடந்தால் எரிக்க வேண்டாம், பேப்பர்க்காரரிடம் கொடுக்கவும் வேண்டாம். எங்களிடம் கொண்டுவாருங்கள். ஸ்கேன் எடுத்து உங்கள் கண் முன்னாலேயே திருப்பித் தருவோம். மூலம் உங்களுடையதுதான். யார் பார்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள். எங்கள் வகைகளில் அடங்காத ஏதாவது உங்களிடம் இருந்தால் இன்னும் சந்தோசம். புதிய வகை ஒன்று சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ். சின்னத்தைப் பிள்ளைகள் வரைவார்கள்.

வஸ்ஸலாம்.